நிருபங்களின் கடைசியில் வரும் பெயர்களை எப்படி வாசிப்பது?

அப்போஸ்தலர் பவுலின் நிருபங்களை, அதாவது கடிதங்களை வாசிக்கும்போது, ரோமர் 16-ம் அதிகாரத்துக்கு வந்ததும் பலர் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். வாயில் நுழையாத பெயர்கள், வாழ்த்துதல், மறுபடியும் பெயர்கள். கொலோசெயர் 4, 1 கொரிந்தியர் 16, 2 தீமோத்தேயு 4 எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆனால் ஆதிசபையில் ஊழியம் நிஜமாக எப்படி நடந்தது, யார் நடந்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யார் வீட்டைத் திறந்துவிட்டார்கள், யார் பாதியில் போனார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தப் பெயர்ப்பட்டியல்களைவிட நல்ல இடம் வேதத்தில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பவுல் தனியாக உலகத்தைச் சுற்றியவர் என்று நாம் மனதில் வைத்திருக்கும் படம், இந்தப் பட்டியல்களை நிதானமாக வாசித்தால் நிற்காது.

தனியாகப் படிக்கிறவர்களுக்கும், சின்னக் குழுவாக வேதபாடம் நடத்துகிறவர்களுக்கும் ஏற்ற ஒரு முறையை இங்கே சொல்கிறேன். ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, முடிந்தால் ஒத்தவாக்கிய அகராதி (ஒரு சொல் வரும் வசனங்களை எல்லாம் வரிசைப்படுத்தும் புத்தகம்) அல்லது தேடல் வசதியுள்ள பைபிள் ஆப், பவுலின் பயணங்களைக் காட்டும் ஒரு வரைபடம், இவ்வளவு போதும். விளக்கவுரையைக் கடைசியில் திறந்தால் நல்லது, ஏனென்றால் முதலிலேயே திறந்தால் நீங்களாகவே கண்டுபிடித்திருக்கக்கூடியதை எல்லாம் அது சொல்லிவிடும்.

ஒரே ஒருவரோடு ஆரம்பியுங்கள்

எல்லாரையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். முதல் ஆளாக தீகிக்குவைச் சிபாரிசு செய்கிறேன். புதிய ஏற்பாட்டில் அவர் பெயர் ஐந்தே இடங்களில்தான் வருகிறது: அப்போஸ்தலர் 20:4, எபேசியர் 6:21, கொலோசெயர் 4:7, 2 தீமோத்தேயு 4:12, தீத்து 3:12. ஐந்தையும் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் குறியுங்கள்: அவர் அப்போது எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார்.

அப்படி எழுதியதும் ஒன்று பளிச்சென்று தெரியும். இந்த மனிதர் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் பதிவாகவில்லை, அவர் செய்த பிரசங்கம் இல்லை, அற்புதம் இல்லை, ஆனால் எங்கே பார்த்தாலும் யாரோ அவரை நம்பி எதையோ கொடுத்து அனுப்புகிறார்கள். எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களில், என் காரியங்களை எல்லாம் தீகிக்கு உங்களுக்குச் சொல்லுவார் என்கிறார் பவுல். கடிதத்தைக் கொண்டுபோவது மட்டும் அவர் வேலையல்ல, கடிதத்தில் எழுதாததைச் சொல்வதும், கேள்வி வந்தால் பதில் சொல்வதும், கேட்கிறவர்களின் இருதயத்தைத் தேற்றுவதும் அவர் வேலை. அந்தக் காலத்தில் ரோம அரசின் தபால் ஏற்பாடு அரசாங்க வேலைக்குத்தான், சாதாரண ஜனங்கள் கடிதம் அனுப்ப வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகிற ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள் நம்பிக்கைக்குரியவராக இல்லையென்றால் கடிதம் போய்ச் சேராது, அல்லது சேர்ந்தும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

கொலோசெக்குப் போன பயணத்தில் அவரோடு ஒநேசிமுவும் போனார் (கொலோசெயர் 4:9). தன் எஜமான் பிலேமோனை விட்டுப் பிரிந்திருந்த ஓர் அடிமை, இப்போது கிறிஸ்தவராகி அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். அந்த வழி முழுவதும் அவருக்குத் துணையாக நடந்தவர் தீகிக்கு. உண்மையான ஊழியம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் இவர்தான்.

தேடும்போது கவனம்

பைபிள் ஆப்பில் பெயரை அப்படியே தட்டினால் எல்லா இடங்களும் கிடைத்துவிடாது. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு எழுத்து மாறும், ஒன்றில் தீமோத்தேயு, இன்னொன்றில் திமொத்தேயு. ஒரே மொழிபெயர்ப்புக்குள்ளும் அப்போஸ்தலர் நடபடிகளில் சீலா என்று வருகிறவர் நிருபங்களில் சில்வானு என்று வருவார். பிரிஸ்கில்லாளும் பிரிஸ்காளும் ஒருவரே.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு, பெயர் ஒன்று, ஆள் வேறு. காயு என்ற பெயரில் மக்கெதோனியாக்காரர் ஒருவர், தெர்பை ஊர்க்காரர் ஒருவர், கொரிந்துவில் பவுலை உபசரித்தவர் ஒருவர், மூன்றாம் யோவான் நிருபத்தைப் பெற்றவர் ஒருவர் என்று வருகிறார்கள், எல்லாரையும் ஒருவராக்கிவிடாதீர்கள். 1 கொரிந்தியர் 16-ல் வரும் ஸ்தேவான், அப்போஸ்தலர் 7-ல் கல்லெறியப்பட்டு மரித்த ஸ்தேவான் அல்ல. எப்பாப்பிராவும் எப்பாப்பிரோதீத்துவும் வேறு வேறு மனிதர்கள், முதலாமவர் கொலோசெ ஊர்க்காரர், இரண்டாமவர் பிலிப்பி சபை அனுப்பினவர். பிரசங்கங்களிலேயே இவர்களைக் கலந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன், ஆகவே ஊர் பெயரையும் பக்கத்திலேயே எழுதிவைக்கும் பழக்கம் நல்லது.

பெயருக்குப் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள்

இப்போது ரோமர் 16-க்கு வாருங்கள். 3 முதல் 15 வரை உள்ள வசனங்களில் பவுல் 24 பேரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார், அதோடு ரூபின் தாயார், நேரேயுவின் சகோதரி என்று பெயரில்லாமல் இரண்டு பேர். கவனிக்க வேண்டியது, பவுல் அப்போது ரோமாபுரிக்குப் போனதே கிடையாது. போகாத ஊரில் இத்தனை பேரை அவர் அறிந்திருந்தார் என்றால் அந்த நாட்களில் விசுவாசிகள் எவ்வளவு பயணம் செய்தார்கள், எவ்வளவு தொடர்பில் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பெயரோடும் சேர்ந்து வரும் செயலை அடிக்கோடிடுங்கள். பிரயாசப்பட்டார் என்று நாலு பேரைப் பற்றிச் சொல்கிறார்: மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். நாலு பேரும் பெண்கள். தன் சொந்த ஊழியத்தின் கஷ்டத்தைச் சொல்லும்போது பவுல் பயன்படுத்தும் அதே மாதிரியான பேச்சு இது. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள் என்கிறார். அந்திரோனீக்கும் யூனியாவும் தன்னோடு காவலில் கட்டுண்டவர்கள், தனக்கு முன்னமே கிறிஸ்துவுக்குள்ளானவர்கள். பட்டியலின் வாசலிலேயே நிற்கிறவர் பெபேயாள், கொரிந்துவின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவின் சபையில் ஊழியம் செய்தவர், பவுல் உட்பட அநேகருக்கு ஆதரவாக இருந்தவர். அவரை ஏற்றுக்கொள்ளுங்கள், அவருக்கு எது தேவையோ அதில் உதவுங்கள் என்று ரோமச் சபையைப் பவுல் கேட்டுக்கொள்வதைப் பார்த்து, இந்த நிருபத்தைக் கொண்டுபோனவரே பெபேயாள்தான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

22-ம் வசனத்தைத் தாண்டிவிடாதீர்கள். இந்த நிருபத்தை எழுதின தெர்தியு ஆகிய நான் உங்களை வாழ்த்துகிறேன் என்று நடுவிலே ஒரு குரல் கேட்கும். பவுல் சொல்லச் சொல்லக் கையால் எழுதியவர். 16 அதிகாரங்களையும் எழுதிவிட்டு தன் பெயரை ஒரே ஒரு வரியில் வைத்துக்கொள்கிறார். அதற்கடுத்த வசனத்தில் பட்டணத்தின் கணக்குப் பொறுப்பிலிருந்த ஏரஸ்து வாழ்த்துகிறார். கொரிந்துவில் 1929-ல் கிடைத்த ஒரு கல்வெட்டில் ஏரஸ்து என்ற நகர அதிகாரியின் பெயர் இருக்கிறது, இருவரும் ஒருவரா என்று இன்னும் விவாதம் நடக்கிறது, ஆகவே பாடம் நடத்தும்போது ஒருவரே என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

பயணங்களை எண்ணுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. பிலிப்பியர் 2:25-30, அப்புறம் 4:10-18, இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். அந்த வசனங்களுக்குப் பின்னால் எத்தனை பயணங்கள் ஒளிந்திருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணுங்கள்.

பவுல் காவலில் இருக்கிறார் என்ற செய்தி பிலிப்பிக்குப் போயிருக்க வேண்டும், அது ஒன்று. சபை பணம் சேர்த்து எப்பாப்பிரோதீத்துவிடம் கொடுத்து அனுப்புகிறது, அது இரண்டு. அவர் மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டார் என்ற செய்தி திரும்பப் பிலிப்பிக்குப் போகிறது, மூன்று. அதைக் கேட்டு அவர்கள் வருத்தப்பட்டது எப்பாப்பிரோதீத்துவின் காதுக்கு வருகிறது, நாலு. இப்போது பவுல் அவரைக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார், ஐந்து. பவுல் அப்போது இருந்தது ரோமாபுரி என்பது பழைய மரபு, எபேசு என்றும் செசரியா என்றும் சொல்லும் அறிஞர்களும் உண்டு. ரோமாபுரி என்றால் பிலிப்பியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், கால்நடையாகவும் கப்பலிலுமாக வாரக்கணக்கில் ஆகும்.

அந்த நாட்களில் காவலில் இருப்பவருக்குச் சாப்பாடும் துணியும் பெரும்பாலும் வெளியிலிருந்து சொந்தபந்தங்களோ நண்பர்களோ கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பிலிப்பி சபை அனுப்பியது மரியாதைக்கான காணிக்கை அல்ல, ஒரு மனிதர் உயிரோடிருக்கத் தேவையானது. அதைச் சுமந்துவந்தவர் வியாதியில் விழுந்தார். அப்போது அவர் கவலைப்பட்டது தன் வியாதியைப் பற்றி அல்ல, தன் வியாதியைக் கேள்விப்பட்டு ஊரில் உள்ளவர்கள் வருத்தப்படுகிறார்களே என்று. பவுல் அவருக்குக் கொடுக்கும் பெயர்களை வரிசையாக நோட்டில் எழுதுங்கள்: சகோதரன், உடன்வேலையாள், உடன்சேவகன், உங்கள் ஸ்தானாபதி, என் குறைச்சலில் உதவிசெய்தவன். வேலை முடியும் முன்னே ஊருக்கு வந்துவிட்டார் என்று யாராவது நினைத்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை கவனமாக எழுதி, இப்படிப்பட்டவர்களைக் கனமாய் எண்ணுங்கள் என்று சபைக்குச் சொல்லி அனுப்புகிறார் என்று நான் வாசிக்கிறேன். உடம்பு முடியாமல் ஊழியத்திலிருந்து திரும்பி வருகிறவர்களை எப்படி வரவேற்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான பகுதி எனக்குத் தெரியாது.

இதே பயிற்சியை 2 கொரிந்தியர் 2:12-13 மற்றும் 7:5-7 வசனங்களில் தீத்துவை வைத்துச் செய்யலாம். துரோவாவில் பவுலுக்கு ஊழியத்தின் கதவு திறந்திருக்கிறது, ஆனால் தீத்து வந்து சேரவில்லை என்பதால் ஆவிக்கு அமைதலில்லாமல் மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுவிடுகிறார். திறந்த கதவை விட்டுவிட்டு ஒரு நண்பரைத் தேடிப் போகிற அப்போஸ்தலர். கூட்டு ஊழியம் என்பது வேலையைப் பங்கிட்டுக்கொள்வது மட்டும் அல்ல என்று இங்கேதான் புரியும்.

பணம் கைமாறும் இடங்களை விடாதீர்கள்

பலர் இந்தப் பகுதியைத் தயக்கத்தோடு தாண்டிப் போகிறார்கள், தாண்டக் கூடாது. எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் பல சபைகளில் காணிக்கை சேர்த்தார். அந்தப் பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. நீங்கள் யாரைத் தகுதியானவர்களாக எண்ணுகிறீர்களோ அவர்களை அனுப்புகிறேன் என்று 1 கொரிந்தியர் 16:3-ல் சொல்கிறார். 2 கொரிந்தியர் 8-ல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார், அவர்களில் ஒருவர் சபைகளாலேயே தெரிந்துகொள்ளப்பட்டவர். ஏன் என்றும் ஒளிக்காமல் சொல்கிறார்: இந்தப் பெரிய தொகையைப் பற்றி ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் (8:20-21).

பிறகு அப்போஸ்தலர் 20:4-ஐ எடுத்து அங்கே உள்ள ஏழு பெயர்களையும் ஊர்வாரியாகப் பிரியுங்கள்: பெரோயாவிலிருந்து சோபத்தர், தெசலோனிக்கேயிலிருந்து அரிஸ்தர்க்கும் செக்குந்தும், தெர்பையிலிருந்து காயு, கூடவே தீமோத்தேயு, ஆசியாவிலிருந்து தீகிக்குவும் துரோப்பீமுவும். வெவ்வேறு பகுதிச் சபைகளின் ஆட்கள் ஒன்றாகப் பயணம் செய்கிறார்கள். அந்தக் காணிக்கையோடு போனவர்கள் இவர்களே என்று பல விளக்கவுரையாளர்கள் சொல்கிறார்கள். உண்மையாக இருப்பது ஒருவருடைய மனசாட்சிக்குள் மட்டும் நடக்கிற காரியம் என்று அப்போஸ்தலர்கள் நினைக்கவில்லை, கணக்கைப் பார்க்கக் கூட நாலு பேர் வேண்டும் என்று நினைத்தார்கள். பணத்தைக் கையாளும் எந்த ஊழியத்திலும் இருப்பவர்கள் 2 கொரிந்தியர் 8-ஐ வருஷத்துக்கு ஒருமுறையாவது கூட்டாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

உறவு முறிந்த இடங்களையும் எழுதுங்கள்

நோட்டில் நல்லதை மட்டும் சேர்த்தால் அது பொய்யான நோட்டாகிவிடும். யோவான் மாற்குவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். எருசலேமில் அவருடைய தாய் மரியாளின் வீட்டில் ஜெபக்கூட்டம் (அப்போஸ்தலர் 12:12), பவுலோடும் பர்னபாவோடும் புறப்படுதல், பம்பிலியாவிலுள்ள பெர்கேயில் அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்புதல் (13:13), அடுத்த பயணத்தில் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுமையான கோபம் மூண்டு இருவரும் பிரிதல் (15:37-39). அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா இதை மறைக்கவில்லை, யார் சரி என்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குப் போகிறார், பவுல் சீலாவோடு போகிறார்.

அப்புறம் பல வருஷ இடைவெளி. கொலோசெயர் 4:10-ல் அதே மாற்கு பவுலின் பக்கத்தில் இருக்கிறார், அவர் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுலே எழுதுகிறார். 2 தீமோத்தேயு 4:11-ல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவர் என்கிறார். இடையில் என்ன பேசினார்கள், யார் முதலில் வந்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை, நாமும் கற்பனை செய்து நிரப்ப வேண்டாம். ஆனால் அந்த இடைவெளியில் ஒருவர் கைவிடாமல் மாற்குவோடு நடந்தார், அவர் பர்னபா. பவுலையே முதன்முதலில் எருசலேம் சீஷர்களிடம் அழைத்துக்கொண்டுபோய் அறிமுகம் செய்தவரும் அவர்தானே (9:27).

மாற்குவின் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தேமாவை எழுதுங்கள். பிலேமோன் 24-ல் உடன்வேலையாள், கொலோசெயர் 4:14-ல் பெயர் மட்டும், 2 தீமோத்தேயு 4:10-ல் இந்த உலகத்தின்மேல் ஆசை வைத்துப் பவுலை விட்டுத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டவர். மூன்று வரிகளில் ஒரு வாழ்க்கை. இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள்.

பிலிப்பியர் 4:2-3-ல் எயோதியாளும் சிந்திகேயாளும் வருகிறார்கள், சுவிசேஷத்துக்காகப் பவுலோடு சேர்ந்து போராடிய இரண்டு பெண்கள், இப்போது ஒத்துப்போகவில்லை. சண்டை எதைப் பற்றி என்று இல்லை. பவுல் இருவரிடமும் தனித்தனியாகக் கெஞ்சிக் கேட்கிறார், அவர்களுக்கு உதவும்படி மூன்றாவது ஒருவரையும் கேட்கிறார். பிணக்கைப் பற்றிப் பேசும்போதே அவர்கள் செய்த ஊழியத்தை மறக்காமல் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

வருஷங்களைப் பொருத்துவது

இதில் ரொம்ப நேரம் செலவிட வேண்டாம், ஆனால் ஒரு முளைக்குச்சி தேவை. கொரிந்துவில் பவுலை யூதர்கள் கொண்டுபோய் நிறுத்தியது கல்லியோன் முன்பாக. அவர் கொரிந்து இருந்த அகாயா மாகாணத்தில் அதிபதியாக இருந்தது ஏறக்குறைய கி.பி. 51-52 என்று தெல்பியில் கிடைத்த கல்வெட்டு காட்டுகிறது, அதனால் அப்போஸ்தலர் 18-ல் பவுல் கொரிந்துவில் இருந்த காலம் ஓரளவு உறுதியாகத் தெரிகிறது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அங்கே வந்ததற்குக் காரணம் கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியது, அது வழக்கமாக 49 என்று கணக்கிடப்படுகிறது. இந்தத் தம்பதியின் பாதையை வரைபடத்தில் கோடு போடுங்கள்: ரோமாபுரி, கொரிந்து, எபேசு, மறுபடி ரோமாபுரி, மறுபடி எபேசு. கூடாரம் செய்யும் தொழிலோடு இடம் மாறிக்கொண்டே இருந்தவர்கள், எபேசுவிலும் ரோமாபுரியிலும் சபை கூடியது அவர்கள் வீட்டில் (1 கொரிந்தியர் 16:19, ரோமர் 16:5). வாக்குவல்லமையுள்ள அப்பொல்லோவைச் சபைக்கு முன் திருத்தாமல் தங்களிடம் சேர்த்துக்கொண்டு விளக்கிச் சொன்னவர்களும் இவர்களே (அப்போஸ்தலர் 18:26).

குழுவாக நடத்துவதென்றால்

ஒரு கூடுகைக்கு ஒருவர், அதிகபட்சம் இரண்டு பேர். வசனங்களை முன்னமே கொடுத்து, வருகிறவர்கள் தாங்களே பக்கத்தை எழுதிக்கொண்டு வரட்டும். நடத்துகிறவர் பேசுவது குறைவாக இருக்க வேண்டும். வேதம் சொன்னது எது, நாம் ஊகிப்பது எது என்று இரண்டு நிறப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள், பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். உடனே நம்முடைய சபையில் யார் தேமா என்று பேச்சு போகும், அதை அங்கேயே நிறுத்துங்கள். அதற்குப் பதிலாகக் கேட்கவேண்டிய கேள்வி, எப்பாப்பிரோதீத்துவைப் போலச் சுமந்து வந்து களைத்துப்போனவர் யாராவது நம் நடுவில் இருக்கிறாரா, அவருக்கு இந்த வாரம் யார் போய் உதவுவது என்பது. பெயர் வந்தால் அங்கேயே பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த கூடுகையில் முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கடைசிக் கூடுகைக்கு பிலேமோன் நிருபத்தை வைத்துக்கொள்ளுங்கள். 25 வசனங்கள், ஒருவர் சத்தமாக வாசித்தால் சில நிமிஷம். அது பிலேமோனுக்கு மட்டும் எழுதப்படவில்லை, அப்பியாளுக்கும் அர்க்கிப்புவுக்கும் அந்த வீட்டில் கூடும் சபைக்கும் எழுதப்பட்டது, ஆகவே எல்லாருக்கும் முன்பாக வாசிக்கப்பட்டிருக்கும். அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று பவுல் எழுதும் இடத்தில் (18-ம் வசனம்) நிறுத்தி, பிலேமோன், ஒநேசிமு, கூட வந்த தீகிக்கு, வீட்டுச் சபையார், இவர்களில் ஒவ்வொருவருக்கும் அந்த வரி எப்படிக் கேட்டிருக்கும் என்று பேசுங்கள். இதோடு பவுலின் நிருபங்கள் போதும் என்று தோன்றினால் அடுத்ததாக 3 யோவானை எடுங்கள். ஒரே அதிகாரம், மூன்றே பேர், காயு, தியோத்திரேப்பு, தேமேத்திரியு. நோட்டில் அதே முறையில் மூன்று பக்கம் திறந்தால் போதும்.